அரைக்கால் அங்குலத்தில் ஒரு மான்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பழைய கணக்கில் அரைக்கால் என்று ஓர் அளவு உண்டு. காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. என் தாத்தா எண்ணெயையும் நெல்லையும் அரைக்கால் கணக்கில்தான் சொல்வார். அவரோடு அந்த அளவும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் அதை மறுபடி பார்த்தேன்.

நான் கால்நடை மருத்துவன். மேற்படிப்புக்காக அங்கே சில ஆண்டுகள் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பால் பண்ணையில் உழைத்து ஓய்வு பெற்றவர். சிறுவயது முதலே வேட்டைக்குப் போகிறவர். ஜனவரிக் கடைசியில் ஒருநாள், "கொம்பு அளக்கப் போகிறோம், வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார்.

மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைவால் மானின் மண்டையோடு, கொம்போடு. நவம்பர் வேட்டைக்காலத்தில் சுட்ட மான். சுட்டவுடன் அளக்கக் கூடாது. உலர உலரக் கொம்பு கொஞ்சம் சுருங்கும். அதனால் 60 நாள் காயவைத்த பிறகே அளக்கலாம் என்பது விதி. அளக்க வந்தவர் அதற்கென்றே பயிற்சி பெற்றவர். கையில் கால் அங்குல அகலத்தில் ஓர் எஃகு நாடா.

முதலில் தாய்த்தண்டு. கிளைகளெல்லாம் முளைத்துக் கிளம்புகிற அந்தப் பெரிய தண்டை அடியிலிருந்து நுனிவரை, வெளிப்பக்கமாக, வளைவோடு வளைவாக அளந்தார். வலது 22½ அங்குலம். இடது 22க்கு அரைக்கால் குறைவு. அடுத்து ஒவ்வொரு கிளையாக அளந்தார். ஓர் அங்குல நீளமாவது இல்லாவிட்டால் அது கிளையே அல்ல, வெறும் முண்டு. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இடங்களில் சுற்றளவு. கடைசியில் இரண்டு தண்டுக்கும் நடுவே உள்ள அகலம். எல்லாமே அரைக்கால் அங்குலக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் 143 அங்குலமும் ஓர் அரைக்காலும்.

வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் வந்தவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கழித்தல் பாக்கி இருந்தது.

இடதும் வலதும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ, அந்த வித்தியாசத்தையெல்லாம் கழிக்க வேண்டும். தண்டில் அரையே அரைக்கால். ஒரு கிளையில் முக்கால், இன்னொன்றில் முக்காலே அரைக்கால். இப்படி மொத்தம் மூன்றரையே அரைக்கால் அங்குலம் போயிற்று. நிகரம் 139½. வேட்டை விலங்குகளின் அளவுகளைப் பதிந்துவைக்கும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் நிரந்தரப் பதிவேட்டில் இந்த வகை மான் இடம்பிடிக்க 170 வேண்டும். வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு காப்பி போட எழுந்து போனார்.

எனக்கு அந்தக் கழித்தல் உறுத்தியது. வைத்தியம் படித்தவனுக்கு இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிற உடம்பு அபூர்வம் என்று தெரியும். அதிலும் மானின் கதை தனி. பின்னங்காலில் அடிபட்ட ஆண் மானுக்கு, அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கொம்பு கோணலாக வளர்வது இத்துறையில் நன்றாக அறிந்த விஷயம். வேலியில் சிக்கியதோ, கார் மோதியதோ, அந்தத் துன்பம் கொம்பில் எழுதியிருக்கும். நாடா அதைப் பிழை என்று கழித்துவிடுகிறது. தாறுமாறாகக் கிளைத்த கொம்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அங்கே கோணல் கிளைகளின் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அங்கேயும் கழிவு உண்டு.

கொம்பு என்று சொல்கிறேன். தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல்தான். பொருள் ஒன்றல்ல. மாட்டுக் கொம்பு நகம் போன்ற உறை, ஆயுள் முழுக்க இருப்பது. மான் கொம்பு முழுக்க எலும்பு. வசந்தத்தில் முளைக்கும். வெல்வெட் மாதிரி மயிர்த்தோல் போர்த்தி, உள்ளே ரத்தம் ஓட, தொட்டால் சூடாக இருக்கும். கோடையின் முடிவில் தோல் உரிந்து எலும்பு வெளியே தெரியும். இணைசேரும் காலம் முடிந்து, குளிர் நாட்களில் விழுந்துவிடும். அடுத்த ஆண்டு திரும்ப முதலிலிருந்து. கொம்பு வளர்கிற வேகத்துக்குத் தீனி மட்டும் போதாது. தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தலைக்கு அனுப்புகிறது மான். உடம்பைக் கடன் வாங்கிக் கட்டுகிற கொம்பு அது. ஐந்தாறு வயது ஆன பிறகுதான் அது முழுப் பருமன் காட்டும். ஆக, அந்த நாடா உண்மையில் அளப்பது அந்த மானின் வயது, அது தின்ற தீனி, அதன் தாய்தந்தை வழி. சுட்டவரின் திறமை அதில் ஓர் அரைக்கால்கூட இல்லை.

இதை நான் என் மனம்போனபடி சொல்லவில்லை. பதிவேடே சாட்சி. தாறுமாறாகக் கிளைத்த வெள்ளைவால் மான்களில் பூன் அண்ட் கிராக்கெட் பட்டியலின் முதலிடம் 333 முக்காலே அரைக்கால். அந்த மானை எவரும் சுடவில்லை. 1981-ல் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் செத்துக் கிடந்தது. இரண்டாமிடம் 328 அங்குலமும் காலும், ஒஹையோ மாநிலத்தில் ரயில் பாதையோரம் 1940-ல் இறந்து கிடந்த மான். மிகப் பெரிய இரண்டு மான்களும் துப்பாக்கிக்கு அகப்படாமலே வாழ்ந்து முடித்தவை.

1914-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் ஒரு மானைச் சுட்டார். தலையைப் பதப்படுத்தக் கொடுத்தார். வாங்கியவர் ஊர் மாறிப்போனார், தலையும் போயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பழைய சாமான் விற்பனையில் யாரோ சில டாலருக்கு வாங்கினார்கள். அளந்தால் 206 அங்குலமும் ஓர் அரைக்காலும். ஒழுங்காகக் கிளைத்த கொம்புகளின் பிரிவில் அந்நாளில் உலகிலேயே முதலிடம். சுட்டவர் ஜோர்டன்தான் என்று பதிவேடு 1978-ல் ஒத்துக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை, சிறிது காலத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். 1993-ல் கனடாவின் சஸ்காட்செவனில் ஒரு விவசாயி சுட்ட மான் 213 அரையே அரைக்கால் எடுத்து அந்த இடத்தைப் பிடித்தது. ஜோர்டனின் கதையை எனக்குச் சொன்ன விஸ்கான்சின்காரர்கள் எல்லோரும் கடைசி வரியில் குரல் தாழ்ந்துதான் சொன்னார்கள்.

இந்த அளவுக் கணக்கு ஏன் பிறந்தது? அங்கேதான் எனக்கு அதன்மேல் மரியாதை வருகிறது. 1887-ல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சங்கம் பூன் அண்ட் கிராக்கெட். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காட்டு இறைச்சி சந்தைச் சரக்கு. கணக்கில்லாமல் சுட்டு, ரயிலேற்றி நகரங்களுக்கு அனுப்பினார்கள். எருமைக் கூட்டங்கள் அழிந்தன. வெள்ளைவால் மான் 1900 வாக்கில் ஐந்து லட்சம் அளவுக்குத் தேய்ந்துபோனதாகச் சொல்வார்கள். 1922-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் தலைகளும் கொம்புகளும் வைக்க ஒரு கட்டடம் திறந்தார்கள். அதன் வாசலில், மறைந்துகொண்டிருக்கும் உலகின் பெருவிலங்குகளின் நினைவாக என்று பொறித்திருந்தார்கள். வருங்காலப் பிள்ளைகளுக்கு அடையாளமாவது இருக்கட்டும் என்றுதான் அளந்து எழுதி வைத்தார்கள். சங்கத்தின் முதல் பதிவேடு 1932-ல் வந்தது. நான் மேசையில் பார்த்த முறை 1950-ல் வந்தது.

மான்கள் மறையவில்லை. சட்டம் வந்தது, சந்தை வேட்டை நின்றது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரிப்பணத்தை 1937-ல் வந்த சட்டத்தால் வனவிலங்குக்கே ஒதுக்கினார்கள். இன்று அங்கே வெள்ளைவால் மான் சுமார் மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனதால் மான் பெருகி, மரக்கன்றுகளை வளரவிடாமல் மேய்கிறது, சாலையில் வந்து மோதுகிறது. இன்று அங்கே வேட்டை நின்றால் காடு தாங்காது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆழ்குளிர்ப் பெட்டியில் அந்த மானின் இறைச்சி குளிர்காலம் முழுக்க இருந்தது. எங்களுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. ஒரு துண்டுகூட வீணாகவில்லை. அந்த மனிதரைக் கொலைகாரர் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் கூட்டத்தைக் குறைப்பது வேறு, கொம்புக்காகச் சுடுவது வேறு. ஆண் மானைச் சுட்டால் கூட்டம் குறையாது, பெண் மானைச் சுட்டால்தான் குறையும். இதனால் விஸ்கான்சினில் ஒரு விதி வைத்திருந்தார்கள். முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுக் காட்டு, பிறகுதான் கொம்புள்ளதைச் சுட அனுமதி. எண்ணிக்கையைக் குறைப்பதில் நன்றாக வேலை செய்த விதி அது. வேட்டைக்காரர்களின் எதிர்ப்பில் 2011-ல் அதை எடுத்துவிட்டார்கள். காட்டுக்காகத்தான் சுடுகிறோம் என்று சொன்னவர்களில் பலர் எதற்காகச் சுடுகிறார்கள் என்பது அன்று வெளியே வந்தது.

பெரிய கொம்பையே தேடித் தேடி எடுத்தால் என்ன ஆகும்? கனடாவில், ஆல்பர்ட்டாவின் ராம் மலையில் பெருங்கொம்புச் செம்மறிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்தார்கள். கொம்பு குறிப்பிட்ட அளவு வளைந்துவிட்டால் சுடலாம் என்பது அப்போது அங்கே விதி. சீக்கிரம் கொம்பு வளர்ந்த கிடாய்கள், நன்றாக இனம் பெருக்கும் வயது வருமுன்பே செத்தன. கொம்பு சின்னதாக இருந்தவை பிழைத்துக் குட்டி போட்டன. தலைமுறை தலைமுறையாகக் கொம்பு சிறுத்துக்கொண்டே போனது என்று 2003-ல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். எவ்வளவு சிறுத்தது என்று விஞ்ஞானிகள் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் கிராமத்து ஆடு மேய்ப்பவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நல்ல கிடாயை முதலில் அறுப்பவன் மந்தையைக் கெடுப்பான் என்பார்.

என் மனம் உண்மையிலேயே கொதிப்பது வேலிக்குள் நடப்பதைக் கண்டால்தான். உயரமான கம்பிவேலி கட்டி, பெரிய கொம்புக்கென்றே பொலிமான் தேர்ந்து, விந்து விலைக்கு வாங்கிக் கருவூட்டி, சத்துத் தீவனம் போட்டு மான் வளர்க்கும் பண்ணைகள் அங்கே உண்டு. காட்டில் எந்த மானும் எட்டாத 400, 500 அங்குலம் அங்கே எட்டுகிறது. வாங்க வருபவருக்கு அங்குலத்துக்குத் தக்க விலை. தப்பிக்க வழியில்லாத அடைப்புக்குள் சுட்ட மானை பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் பதிவேட்டில் ஏற்பதில்லை, அதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுவேன். வேறு பதிவேடுகள் தனிப் பிரிவு வைத்து ஏற்றுக்கொள்கின்றன. நான் சினை ஊசி போட்டு வளர்த்த பசுக்கள் ஏராளம். அந்த வேலையை நான் இழிவாகப் பேசவில்லை. பசு பாலுக்கு வளர்கிறது, எவரும் அதைக் காட்டு விலங்கு என்று சொல்லி விற்பதில்லை. இங்கே கொட்டிலில் வளர்த்ததைக் காடு என்று விற்கிறார்கள். கூடவே ஒரு நோயும் பரவுகிறது. மூளையை அரித்து மானை எலும்புக்கூடாக்கிக் கொல்லும் நோய், மருந்து கிடையாது. 1967-ல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களில்தான் முதலில் கண்டார்கள். பண்ணைக்குப் பண்ணை மான் ஏற்றிச் சென்றது அதன் பரவலுக்கு ஒரு காரணம். 2002-ல் விஸ்கான்சின் காட்டு மான்களிலும் அது இருப்பது தெரிந்தது.

நமக்கும் இதில் பழைய பங்கு உண்டு. லண்டனில் ரோலண்ட் வார்ட் 1892-ல் வெளியிட்ட கொம்பு அளவுப் பதிவேட்டுக்கு இந்தியாவிலிருந்தும் அளவுகள் போயின. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1877-லேயே வேட்டைச் சங்கம் வைத்தார்கள், 1879-ல் சட்டமும் வந்தது. ஊட்டியின் பழைய கிளப் சுவரில் அந்தத் தலைகளை இன்றும் பார்க்கலாம். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நாம் அந்த வழியை அடைத்துவிட்டோம். கடமானோ புள்ளிமானோ உதிர்த்த கொம்பைக்கூட வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது.

இதைத்தான் அன்று காப்பி குடிக்கும்போது அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். அதில் நான்கு கொம்புகள், இரண்டு ஜோடி. மேசையில் இருந்த அதே மான் முந்தைய இரண்டு ஆண்டுகளில் உதிர்த்தவை. வலப்பக்கத்து இரண்டாம் கிளை நுனியில் லேசாக உள்ளே திரும்பும், மூன்று ஆண்டும் அதே திருப்பம். பனி உருகும்போது மேப்பிள் தோப்பில் நடந்து நடந்து பொறுக்கியிருக்கிறார். ஒன்றில் எலி கடித்த தடம் வரிவரியாக இருந்தது. விரலால் அதைத் தடவிக் காட்டினார். மூன்று வருடமாக அந்த மானை அவருக்குத் தெரியும்.

"உங்கள் ஊரில் இவற்றை எடுக்கவே கூடாதென்றால், அப்புறம் யார் எடுத்துக்கொள்வது?" என்று கேட்டார்.

"முள்ளம்பன்றி" என்றேன். "சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்னும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த எலி கடித்த கொம்பை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். மறுநாள் காலை நடக்கப் போனபோது, தோப்பு விளிம்பில் பனிமேல் அது கிடந்தது.

நன்றி. வணக்கம்.