நிரையை நிரலாக்கினால் எவ்வளவு நீளும்?

வணக்கம் நண்பர்களே. நீளம் 1 உள்ள வெக்டரை ஓர் அணி (matrix, நிரை நிரல்களில் அடுக்கிய எண்கள்) அதிகபட்சம் எவ்வளவு நீட்டுமோ, அதுவே அந்த அணியின் நார்ம். இது உங்களுக்குத் தெரியும். இன்று ஒரு படி மேலே ஏறுவோம். ஓர் அணியை வாங்கி இன்னோர் அணியைத் தரும் நேரியல் கோப்பை (linear map, கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் குலைக்காத விதி) எடுத்துக்கொள்ளுங்கள். நார்ம் 1 உள்ள அணிகளை உள்ளே அனுப்பினால், வெளியே வருவதன் நார்ம் எவ்வளவு பெரிதாகலாம்? அந்த உச்ச அளவுதான் கோப்பின் நார்ம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், நிரைகளை நிரல்களாக மாற்றும் கோப்பு. அது அணியின் நார்மைத் தொடுவதே இல்லை. எனவே கோப்பின் நார்ம் 1. இதற்குமேல் என்ன இருக்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது பலகையைப் பாருங்கள். 4×4 அணி ஒன்றை எழுதுகிறேன். முதல் நிரை 1, 0, 0, 0. அடுத்தது 0, 0, 1, 0. பிறகு 0, 1, 0, 0. கடைசியில் 0, 0, 0, 1. வெக்டரின் நடு உறுப்புகள் இரண்டையும் இடம் மாற்றுவதைத் தவிர இது வேறொன்றும் செய்யாது. ஆகவே நார்ம் 1.

இதையே நான்கு 2×2 கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மட்டும் நிரையை நிரலாக்குங்கள். மேல் வலக் கட்டத்தில் கீழ் இடது மூலையில் இருந்த 1, மேல் வலது மூலைக்கு ஏறுகிறது. கீழ் இடக் கட்டத்தின் 1 கீழ் இடது மூலைக்கு இறங்குகிறது. இப்போது பெரிய அணியின் நான்கு மூலைகளிலும் 1, மற்ற இடமெல்லாம் 0. இதை (1, 0, 0, 1) என்ற வெக்டரின் மேல் போட்டால் (2, 0, 0, 2) வருகிறது. நீளம் இரட்டிப்பாகிவிட்டது! தனியாக எதையும் நீட்டாத கோப்பு, கட்டங்களுக்குள் வேலை செய்யும்போது இருமடங்கு நீட்டுகிறது.

n×n அணிகளுக்கு இதே கணக்கைப் போட்டால் n மடங்கு. கட்டங்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் கிடைக்கும் உச்ச அளவை முழு வரம்பு நார்ம் என்று சொல்லலாம். முடிவில்லாமல் கூட்டிப் பார்க்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். வெளியே வருவது n×n அணி என்றால், n×n கட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கணிதவியலாளர் ஸ்மித் 1983-இல் நிறுவினார். எல்லாக் கோப்புகளும் இப்படி ஏமாற்றுவதில்லை. உறுப்புக்கு உறுப்பு நிலையான எண்களால் பெருக்கும் ஷூர் பெருக்கலில் இரண்டு நார்ம்களும் ஒன்றே.

பலகையில் இருப்பதை இனிப் பின்னோக்கிப் படியுங்கள். மூலைகளில் 1 உள்ள அணியின் ஐகென் மதிப்புகள், அதாவது சில சிறப்பு வெக்டர்களை அது எத்தனை மடங்காக மட்டும் மாற்றுகிறது என்று சொல்லும் எண்கள், 2, 0, 0, 0. எதுவும் குறை எண் இல்லை. கட்டங்களுக்குள் மாற்றினால் முதலில் எழுதிய அணி திரும்பி வருகிறது. அதன் மதிப்புகள் 1, 1, 1, −1. அந்த −1-ஐ விட்டுவிடாதீர்கள். இரண்டு குவாண்டம் துகள்கள் பின்னிப் பிணைந்திருக்கின்றனவா என்று சோதிக்க 1996-இல் இயற்பியலாளர் பெரெஸ் முன்வைத்த வழி, அவற்றின் நிலையைக் குறிக்கும் அணியைக் கட்டங்களுக்குள் இப்படி மாற்றி, ஒரு குறை எண்ணைத் தேடுவதுதான். அதே ஆண்டில் ஹொரோடெக்கி குடும்பத்தார் மூவர், 2×2, 2×3 அமைப்புகளில் (ஒரு துகளுக்கு 2 அடிப்படை நிலைகள், மற்றதற்கு 2 அல்லது 3) குறை எண் வராவிட்டால் பிணைப்பே இல்லை என்று நிறுவினார்கள். அதைவிடப் பெரிய அமைப்புகளில் குறை எண் வராமலேயே பிணைப்பு இருக்கலாம்.