கிணற்றுக் கட்டில் ஒரு கரிக்கோடு

[காட்சி: கார்த்திகை மழை. ஒழுங்கை முழுவதும் வெள்ளம். பொதுக் கிணற்றுக் கட்டோடு தண்ணீர் முட்டி நிற்கிறது.]

இந்தக் கட்டு இரண்டடி கூட இல்லை. இன்னும் நான்கு விரல் ஏறினால் ஒழுங்கை வெள்ளம் கிணற்றுக்குள் விழுந்துவிடும். மேலால் விழாவிட்டாலும் கீழால் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளூடாக மலக்குழி நீர் நிலத்தடி நீரோடு கலந்துவிடுகிறது. நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் வாளியில் ஏறி நம் அடுப்படிக்கு வருவது இப்படித்தான்.

கிணற்றைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே, நகரங்களில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அது முட்டையிடும் இடங்களில் கிணறும் ஒன்று.

[காட்சி: சனசமூக நிலையம். மேசையில் கூட்டக் குறிப்பேடும் வங்கிப் புத்தகமும்.]

கட்டை உயர்த்துவது, வலை போடுவது, வாய்க்கால் வெட்டுவது எல்லாம் சிறிய வேலைகள். இத்தகைய வேலைகளைப் பதிவு பெற்ற கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ நேரடியாக ஒப்படைக்க அரசின் கொள்முதல் விதிகள் இடம் தருகின்றன. ஒப்பந்தம் பிரதேச செயலகத்தோடு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலையை அளந்து பார்த்த பிறகே பெரும்பாலும் பணம் சங்கத்தின் கணக்குக்கு வரும். அதனால்தான் அந்தக் குறிப்பேடும் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆனால் நல்ல சங்கங்களும் சறுக்குவது நாட்காட்டியில்தான். அரசின் நிதியாண்டு டிசெம்பர் 31 அன்று முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அதோடு கைநழுவிப் போகும். நமது பெருமழையோ ஒக்டோபரில் தொடங்கிவிடுகிறது. பிந்தி எழும்பிய சங்கம், நிலம் ஊறிக் கிடக்கும் நவம்பரில் அத்திவாரம் வெட்டி, தண்ணீருக்குள் கொங்கிரீட் போடுகிறது. அது எத்தனை மாரி தாங்கும்? மக்கள் வரிப்பணம் அப்படிக் கரைவதைப் பார்க்க நெஞ்சு பொறுப்பதில்லை.

ஆகவே அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையை இந்த மழையிலேயே தொடங்குங்கள். "எமது பகுதியில் சுகாதாரச் சீர்கேடு நிலவுகிறது" என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். எந்தக் கிணறு, எத்தனை குடும்பங்கள் அள்ளுகின்றன, மலக்குழி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து வந்து இடத்தைக் காட்டி, அவருடைய கடிதத்தையும் இணையுங்கள். மழை விட்டதும், வரவு செலவுத் திட்டம் பற்றிய பேச்சு எழுவதற்கு வெகு முன்பே, அது பிரதேச செயலகத்தில் இருக்கட்டும்.

[காட்சி: ஒரு பெண் கரிக்கட்டியால் கிணற்றுக் கட்டில் வெள்ளம் நிற்கும் மட்டத்தைக் கோடிடுகிறார். பக்கத்தில் ஒரு சிறுவன் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடிக்கிறான்.]

கோடு நாளைய மழையில் அழிந்துவிடும். அதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.