கத்தரிக்கோல், மை, தீக்குச்சி

நேயர்களுக்கு வணக்கம். வழவழத் தாளில் மலிவு விலைக்கு வந்த சோவியத் சிறுவர் நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். அதனால் இன்று பேசப்போவது எனக்கே கொஞ்சம் வருத்தம் தரும் விஷயம்தான்: சோவியத் நாட்டில் மக்கள் தங்கள் கையாலேயே எழுத்தையும் படத்தையும் அழித்த கதை.

1954-ஆம் ஆண்டுத் தொடக்கம். சோவியத் பெரும் கலைக்களஞ்சியத்துக்குச் சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் சில அச்சுத் தாள்கள் வந்தன. ஐந்தாம் தொகுதியில் 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டிவிட்டு, இவற்றை அங்கே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு குறிப்பு. ஒட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டவேண்டுமாம்! வெட்டுப்பட்டவர் ரகசியப் போலீசை ஆட்டிப்படைத்த பெரியா. 1953 டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அவரைப் பற்றிய பக்கங்களின் இடத்தை நிரப்பியது பெரிங் கடலைப் பற்றிய கட்டுரை.

பெரியாவுக்காக நான் கண்ணீர் விடவில்லை. அந்தப் பிளேடுதான் உறுத்துகிறது. அரசு ஆள் அனுப்பவில்லை, வாசகர் கையாலேயே வெட்டச் சொன்னது.

இந்தப் பழக்கம் பள்ளியிலேயே வந்துவிட்டது. 1937-இல், ஸ்டாலின் ஆட்சியில், படைத்தலைவர் மார்ஷல் துகாசெவ்ஸ்கி துரோகி என்று சொல்லிச் சுடப்பட்டார். அப்புறம் தளபதிகள் வரிசையாகக் கைதானார்கள். அந்த வேகத்துக்குப் பாடநூலைத் திருப்பி அச்சடிக்க முடியுமா? வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மையைத் தொட்டுப் படங்களை அப்பினார்கள். நேற்றுவரை அந்த முகங்கள் நாட்டின் வீரர்கள். ஏன் என்று கேட்டால் வீட்டில் அப்பாவுக்கு ஆபத்து.

பெரியவர்களும் தப்பவில்லை. உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டைக் கொண்டாடிய படத்தொகுப்பை வடிவமைத்தவர் ரோட்சென்கோ, பெயர்பெற்ற ஓவியர். அதில் இருந்த தலைவர்கள் களையெடுக்கப்பட்டதும், தன் சொந்தப் பிரதியில் அவர்களின் முகங்களைக் கறுப்பு மையால் மூடினார். தன் படைப்பைத் தானே.

லெனின்கிராடில் கவிஞர் அன்னா அக்மதோவா வேறு வழி வைத்திருந்தார். மகன் சிறையில், அறைச் சுவருக்கும் காது உண்டு என்ற பயம். தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால், தேநீர் வேண்டுமா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே துண்டுத்தாளில் தன் கவிதை வரிகளை எழுதி நீட்டுவார். தோழி மனப்பாடம் செய்து திருப்பித் தருவார். அப்புறம் தீக்குச்சி, சாம்பல் கிண்ணம்.

அந்தக் கவிதை 1963-இல் மியூனிக்கில் அச்சாயிற்று. சோவியத் நாட்டில் வெளிவந்தது 1987-இல். அக்மதோவா இறந்து அப்போது 21 ஆண்டு.