14 வயசுல சாம்பியன், 39லயும் கோர்ட்ல: ஜோஷ்னா சின்னப்பா

காரைக்குடி சுத்துவட்டாரத்துல கேட்டுக்கிட்டிருக்க ஆச்சிமார், அண்ணன்மார், பிள்ளைக எல்லாருக்கும் வணக்கம். பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். ஸ்குவாஷ் ஆடுற ஜோஷ்னா சின்னப்பாவப் பத்திப் பேசணும்னு நானே கேட்டு வாங்கின நேரம் இது.

மொதல்ல ஆட்டத்தச் சொல்லிடுறேன். ஸ்குவாஷ்ல நடுவுல வலை கிடையாது, நாலு சுவருக்குள்ள ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு முன்சுவத்துல மாத்தி மாத்தி அடிக்கணும். நம்ம ஊரு பெரிய வீட்டுப் பக்கச்சுவத்துல பிள்ளைக பந்தடிக்கிறத பாத்திருப்பீங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். ஆனா பந்து இருக்கே, அது தனி ரகம். சின்னூண்டு கறுப்பு ரப்பர் பந்து, மேல ரெண்டு மஞ்சப்புள்ளி, கையில எடுத்து தரையில போட்டா எழும்பவே எழும்பாது, சொத்துன்னு கிடக்கும். அடிக்க அடிக்க சூடேறும், சூடேறினாத்தான் துள்ளும், அதனால மேட்ச்சுக்கு முன்னாடி எதிராளியோட சேந்து நின்னு அந்தப் பந்த அடிச்சு அடிச்சு சூடு பண்ணணும், அதுக்கப்புறந்தான் சண்டையே. முன்சுவத்து அடியில ஒரு தகரம் இருக்கும், பந்து அதுல பட்டா 'டங்'குன்னு கேக்கும், பாயின்ட் போச்சு. எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்பப் பிடிச்சதே அந்தப் பந்துதான், விட்டா அதப் பத்தியே பேசிக்கிட்டிருப்பேன்.

சரி, ஜோஷ்னா. மெட்ராஸ் பொண்ணு, அப்பாவும் ஸ்குவாஷ் ஆடினவரு. 2000ல, 14 வயசுல தேசிய சாம்பியன். 2005ல பிரிட்டிஷ் ஜூனியர் பட்டம். இங்க நம்ம வீடுகள்ல அந்த 14 வயசுலதான் 'போதும்த்தா, பத்தாவது வருது, படி'ன்னு ஷூவ எடுத்து பரண்ல போட்டுடுறாங்க. நல்லா ஓடுற பொண்ணுக எத்தன பேரு அப்படி நின்னு போனாங்கன்னு நான் கண்ணால பாத்தவ, அதனாலதான் திரும்பத் திரும்ப வயசச் சொல்றேன்.

நடுவுல முட்டில லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ஸ்குவாஷ்ல ஒவ்வொரு பந்துக்கும் குனிஞ்சு கால நீட்டி பாயணும், முட்டி போனா ஆட்டமே போன மாதிரி. ஆனா அவங்க திரும்பி வந்தாங்க. பெரிய பெரிய ஜெயிப்பெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான், இத நல்லா கவனிங்க. 2014ல கிளாஸ்கோ காமன்வெல்த்ல தீபிகா பள்ளிக்கலோட டபுள்ஸ் தங்கம், ஸ்குவாஷ்ல இந்தியாவுக்கு அங்க கிடைச்ச முதல் மெடலே அதுதான். 2016ல உலக ரேங்க் 10. அடுத்த வருஷம் ஆசிய பட்டத்துக்கு சென்னையில ஃபைனல், எதிர்ல நின்னது அதே தீபிகா! அஞ்சு கேம் வரைக்கும் இழுத்து ஜோஷ்னா ஜெயிச்சாங்க. புவனேஸ்வரி குமாரி 16 தேசிய பட்டம் வாங்கி வச்சிருந்த ரெக்கார்ட 2019ல தாண்டினாங்க.

நேரமாச்சுன்னு தம்பி கை காட்டுறாரு, இன்னும் எவ்வளவோ இருக்கு, வேகமா சொல்லிடுறேன். 2024ல பத்மஸ்ரீ. 2025 டிசம்பர்ல சென்னையில நடந்த உலகக்கோப்பைய இந்தியா முதல் தடவையா ஜெயிச்சுச்சு, அந்த டீம்ல அனாஹத் சிங்னு 17 வயசுப் பொண்ணோட சேந்து 39 வயசு ஜோஷ்னாவும் ஆடினாங்க. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஸ்குவாஷ் முதல் தடவையா ஒலிம்பிக்ஸுக்கு வருது. டிவியில போட்டா பிள்ளைகளயும் உக்கார வச்சுப் பாருங்க. வணக்கம்.