அடிக்குறிப்பு வரை வாசித்தல்

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்து வங்கிக் கிளையொன்றின் கருமபீடத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் நான். சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு வரும் ஆச்சி ஒருவர், சேமிப்புப் புத்தகத்தில் நான் பதிந்து கொடுத்த கடைசி வரியை விரலால் தொட்டு வாசித்து, "வட்டி சரியோ தம்பி?" என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் அதைப் பைக்குள் வைப்பார். நாட்டின் பணத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு உரியது. அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அதனிடமே ஒப்படைத்திருக்கிறது.

2015 பெப்ரவரி 27 அன்று, 100 கோடி ரூபாவுக்கு 30 ஆண்டுத் திறைசேரி முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கும் பத்திரங்களை, ஏலத்தில் விடுவதாக அறிவித்திருந்த மத்திய வங்கி, 1,000 கோடிக்கும் மேற்பட்ட தொகைக்கு விலைக்கேள்விகளை ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, அன்றைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனத்துக்குப் போனது. அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான கோப் விசாரணையைத் தொடங்கியது. ஆனால் அந்த ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால் அது முற்றுப்பெறவில்லை. புதிய குழுவின் அறிக்கை 2016 ஒக்டோபரில் வெளிவந்தபோது, ஆளுந்தரப்பு உறுப்பினர் சிலர் தமது மாற்றுக்கருத்தை அடிக்குறிப்புகளாகச் சேர்த்திருந்தார்கள். யார் எதை ஏற்றார், எங்கே பின்வாங்கினார் என்பது அந்தச் சிறிய எழுத்துகளில்தான் இருந்தது. அவற்றைப் பொறுமையாக வாசித்து எழுதிய செய்தியாளர்களால்தான் விடயம் மக்களிடம் வந்தது. அடுத்த ஆண்டு சனாதிபதி ஆணைக்குழுவும் அமைந்தது. ஊழியர் சேமலாப நிதியமும் அந்த முறிகளின் கொடுக்கல் வாங்கலில் சிக்கியிருந்தது என்பதை, இங்கே கடையிலும் தொழிற்சாலையிலும் உழைத்து அந்த நிதியத்துக்குப் பணம் செலுத்துவோர் மறந்துவிடக் கூடாது.

வங்கி மேற்பார்வையில் இரகசியமும் தேவை என்பதை நான் அறிவேன். ஒரு வதந்தி போதும், வைப்பாளர்கள் வாசலில் வரிசையாக நிற்பதற்கு. வாடிக்கையாளரின் கணக்கு இரகசியமாக இருக்கட்டும். அதிகாரிகள் எடுத்த முடிவுக்கு அந்தத் திரை பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அந்த நிறுவனத்துக்குச் சுதந்திரத்தைக் கொடுத்ததோடு, பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் தவறினால் காரணத்தை நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் விளக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

இந்த மண்ணில் செய்தி எழுதியதற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம். 2000 ஒக்டோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார்; 2006 மே 2 அன்று உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை துணிவைக் கண்ட பத்திரிகை மரபு, இன்று சபையில் எழும் கூச்சலுக்கு முதற்பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் குழு அறிக்கையை நாலு வரியில் முடித்துவிடுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. நமது ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த கோப் அறிக்கை வெளிவரும்போது, கணக்குத் தெரிந்த ஒரு செய்தியாளருக்கு இரண்டு நாள் ஒதுக்கி, அதை அடிக்குறிப்பு வரை வாசிக்க விடுங்கள். நன்றி, வணக்கம்.