அணி மாறும் முன்கள வீரர்

நேயர்களுக்கு வணக்கம்.

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்தும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கால்பந்துப் போட்டியைக் காணச் செல்பவர்களுக்கு, வெளியூர் அணிகளுடன் வரும் முன்கள வீரர்கள் நன்கு அறிமுகமானவர்கள். அவர்களுள் ஒருவர் அடுத்த ஆண்டு வேறு அணியின் சட்டையில் வந்து நின்றால், "இவர் எங்கும் நிலைக்க மாட்டாரோ?" என்று கேட்கத் தோன்றும். அயல்நாடுகளில் ஆடிப் பிழைக்கும் முன்கள வீரரைப் பற்றியும் இதே ஐயம் எழுகிறது. அணிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஆட்டத்தில் ஏதோ குறை இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பெரும்பாலும் பிழையான கணக்கு என்பது என் கருத்து.

நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஒக்பெச்சேயை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் செயிண்ட் ஜெர்மெய்ன் அணியில் தொடங்கியவர். 17 வயதிலேயே 2002 உலகக் கோப்பையில் ஆடியவர். அதன் பிறகு மெட்ஸ், அலாவெஸ், காடிஸ், கிரீஸின் கவாலா, இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ, நெதர்லாந்தின் கம்பூர், வில்லெம் II என அணி அணியாக மாறி, 2018இல், பலர் காலணியைக் கழற்றிவிடும் 33ஆம் வயதில், இந்தியா வந்தார். இந்தியன் சூப்பர் லீகில் ஐந்து பருவங்களில் நான்கு அணிகளுக்கு ஆடி 63 கோல்கள் அடித்தார். அவற்றுள் 18 கோல்கள், ஹைதராபாத் கோப்பையை வென்ற 2021-22 பருவத்தில் மட்டும் அடித்தவை. புதிய பயிற்சியாளர், பந்தை எப்போது தருவார் என்று தெரியாத புதிய நடுக்கள வீரர்கள், இவற்றோடு சில வாரங்களில் ஒத்துப்போய்க் கோல் அடிப்பது தனித் திறமை. ஒரே அணியில் பத்தாண்டு ஆடுபவருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

முன்கள வீரர் அடிக்கடி மாறுவதற்குக் காரணம் அவருடைய வேலையிலேயே இருக்கிறது. தற்காப்பு வீரரின் உழைப்பை அளப்பது கடினம். முன்கள வீரரின் கணக்கோ கோல்களாக எல்லோர் கண்ணிலும் படுகிறது. பத்து ஆட்டங்களில் கோல் இல்லையென்றால் மாற்று வீரர் இருக்கைதான். அதே வேளையில், கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் உள்ள அணி பருவத்தின் நடுவே முதலில் தேடுவதும் அவரைத்தான். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றி அணி மாறலாம் என்றானதால், ஓராண்டு ஒப்பந்தங்கள் இரு தரப்புக்கும் எளிதாகிவிட்டன. விசா முடியும் தேதியை வைத்தே குடும்பக் காரியங்களைத் திட்டமிடும் சபராளிகளை, அதாவது வெளிநாடு சென்று பிழைப்பவர்களை, அறிந்த நம் பகுதிக்கு இந்த வாழ்க்கை விளங்காததல்ல.

உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு முப்பதுக்கும் மேற்பட்ட அணிகளில் ஆடியவர். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை, நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டு வென்றவரும் அவரே.

நம் நாட்டவர் கதை சற்று வேறு. 1999இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த பரி அணியில் பாய்ச்சுங் பூட்டியா சேர்ந்தார். பின்னாளில் மலேசியாவிலும் ஆடினார். 2009இல் சுனில் சேத்ரிக்கு இங்கிலாந்தின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியில் இடம் கிடைத்தும், உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லாததால் பணி அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்து அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலும், போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணியிலும் அவருக்குக் களத்தில் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அணியின் பெயரைவிட ஆடக் கிடைக்கும் நிமிடங்களைப் பார்த்தே வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நம் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

பாளையங்கோட்டையில் சிறுவர்களைப் பயிற்றுவிக்கும் கழகங்களுக்கும் ஒரு செய்தி. கட்டணத்துடன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறினால், அதில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குச் சேர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அதைக் கோர வேண்டுமானால் சிறுவர்களை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து கட்டணமின்றி மாறுபவரால் இந்தப் பங்கு கிடைக்காது; ஊர் ஊராக ஆடும் முன்கள வீரர்களுள் பலர் அப்படித்தான் மாறுகிறார்கள்.

வணக்கம்.