பிராக் என்றொரு பழைய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் காட்டோரமாக வளை தோண்டி வாழும் பிராணி ஒன்று உண்டு. குட்டைக் கால், கனத்த உடம்பு, வெள்ளை முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டை. பகலெல்லாம் தூக்கம், இருட்டியதும் மண்புழு தேடக் கிளம்பிவிடும். தமிழில் வளைக்கரடி என்கிறோம். ஆங்கிலத்தில் பேட்ஜர். ஆனால் பேட்ஜர் என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன்பு அது பிராக்.

இந்தப் பிராக் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. ஐரிஷிலும் ஸ்காட்லாந்தின் கேலிக்கிலும் ப்ரொக். வெல்ஷில் ப்ரோக், கடைசி ஒலி தொண்டையைக் காறுவதுபோல் வர வேண்டும். பிரான்சின் மேற்கு முனையில் பேசும் பிரெத்தோனிலும் இதே சொல்தான். எல்லாம் கெல்டிக் குடும்பம்.

5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டனுக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள் பேசியதும் கெல்டிக்தான். அவர்களிடம் ஆங்கிலம் வாங்கிய அன்றாடச் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் இது ஏன் வந்தது? வந்தவர்களுக்கு வளைக்கரடி புதிதில்லையே! ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மனில் அதன் பெயர் டாக்ஸ். நீள உடம்பும் குட்டைக் காலுமாக நம்மூர் வீடுகளிலும் வளர்க்கிறார்களே டாக்ஸ்ஹண்ட், அது வளைக்கரடி வேட்டைக்கென்றே பழக்கிய நாய்.

சரி, பிராக் என்றால் என்ன பொருள்? முன்னே நீண்ட மூக்கால் வந்த பெயர் என்று ஒரு கருத்து. முகத்துக் கோடுகளால் வந்தது என்று இன்னொன்று. ஸ்காட்லாந்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மாட்டை இன்றும் பிராக்கிட் என்பார்கள். அதனால் என் ஓட்டு கோட்டுக்கே.

இந்தப் பெயருக்கு மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் சர் டோபி, ஒளிந்து நின்றுகொண்டு மல்வோலியோவைத் திட்டுவது 'பிராக்' என்றுதான். நாற்றம் பிடித்தவனே என்பதுபோல.

ஊர்ப் பெயர்களில் சொல் பத்திரமாக இருக்கிறது. நார்தாம்டன்ஷயரின் பிராக்ஹால் என்பதில் அரண்மனை எதையும் தேடாதீர்கள். அது வளைக்கரடியின் பொந்து. ஆனால் பிராக் என்று தொடங்கும் எல்லா ஊரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ஓடையைக் குறிக்கும் புரூக்கும் சில பெயர்களில் அப்படித் திரிந்திருக்கிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. வேல்ஸிலேயே இப்போது ப்ரோக் என்பவர்கள் குறைவு. அங்கே அதை மோகின் தையர் என்கிறார்கள். அப்படியென்றால் மண்பன்றி.